ராமேஸ்வரம் நகராட்சி: ஒரு தீவு எத்தனை பேரைத் தாங்கும்?

2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதும், நெல்லை வழியாகச் செல்லும் கன்னியாகுமரி – ராமேஸ்வரம் ரயில் மறுபடியும் தீவுக்குள் போகத் தொடங்கியது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி, மூட்டை முடிச்சோடு பஸ் பிடித்துக்கொண்டிருந்த நம் பக்கத்து மக்களுக்கு அது பெரிய நிம்மதி. அதோடு சேர்ந்து பழைய குழப்பங்களும் கிளம்பின. பாம்பன் என்கிறார்கள், ராமேஸ்வரம் என்கிறார்கள், இரண்டும் ஒன்றா? நாலாபுறமும் கடல் இருக்கிற ஊரில் கிணற்றுத் தண்ணீர் எப்படி இனிக்கிறது? இனிக்கிற கிணறுகள் இருந்தும் காவிரித் தண்ணீரை ஏன் எதிர்பார்க்கிறார்கள்? உலகமே வந்து காணிக்கை போடும் கோயில் இருக்கும்போது, அந்த ஊர் நகராட்சி மட்டும் ஏன் ஒவ்வொரு வேலைக்கும் அரசு மானியத்துக்குக் காத்திருக்கிறது?

இவை எல்லாமே ஒரே முடிச்சில் போய் நிற்கின்றன. அந்த முடிச்சைப் புரிந்துகொள்ள, தீவையும் நகராட்சியையும் முதலில் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

## தீவு வேறு, நகராட்சி வேறு

மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் நடுவே, மேற்கே பாம்பனில் தொடங்கிக் கிழக்கே தனுஷ்கோடி அரிச்சல்முனையில் முடியும் நீளமான மணல் நிலம் பாம்பன் தீவு. ராமேஸ்வரம் அந்தத் தீவில் உள்ள ஊர்களில் ஒன்று; பேச்சு வழக்கில் தீவு முழுவதற்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. நிர்வாகக் கணக்கில் பிரிவு இப்படி:

1. ராமேஸ்வரம் ஒரு நகராட்சி. 1994இல் அந்த நிலைக்கு வந்தது. 21 வார்டுகள். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி 44,856 பேர்.

2. பாம்பனும் தங்கச்சிமடமும் கிராம ஊராட்சிகள். அவை கடலுக்கு அக்கரையில் இருக்கும் மண்டபம் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. புகழ்பெற்ற பாலம் தீவில் கால் ஊன்றுவது ஒரு கிராம ஊராட்சியின் எல்லையில்.

3. தூத்துக்குடி வான் தீவு தொடங்கி இந்தப் பக்கம் வரை சரம்போல நீளும் 21 சிறு தீவுகள் 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அங்கே குடியிருப்பு கிடையாது, பொறுப்பு வனத்துறையுடையது. பாம்பன் தீவு அந்த 21இல் சேராது.

நகராட்சி எல்லைக்குள் நடப்பதெல்லாம் நகராட்சியின் கையில் இல்லை என்பதையும் மனதில் வைக்க வேண்டும். ராமநாதசுவாமி கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. ரயில் நிலையமும் தண்டவாளமும் ரயில்வேயுடையவை. ஊருக்குள் வந்து தனுஷ்கோடி வரை போகிற பிரதான சாலை தேசிய நெடுஞ்சாலை. மீன்பிடி இறங்குதளம் மீன்வளத் துறையின் பார்வையில் இருக்கிறது. நகராட்சிக்கு மிஞ்சுவது குடிநீர் வழங்கல், சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, உட்தெருக்கள், கட்டட அனுமதி, பிறப்பு இறப்புப் பதிவு. வெளியூர்க்காரர் ராமேஸ்வரத்தில் ஒரு நாள் தங்கினால் பெருமைப்படுகிற பொருளெல்லாம் மற்ற துறைகளிடம் இருக்கும். குறை சொல்கிற பொருளெல்லாம் நகராட்சியிடம் இருக்கும்.

## விக்கிரமசிங்கபுரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

தமிழ்நாட்டில் ஓர் ஊரைப் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று வகைப்படுத்த மக்கள் தொகையும் ஆண்டு வருமானமும் அளவுகோல்கள். நகராட்சிக்கு 30,000 பேர் என்பது பொதுவான வரம்பு. இந்த அளவுகோல் பார்ப்பது அங்கே குடியிருப்பவர்களை.

நம் நெல்லை மாவட்டத்து விக்கிரமசிங்கபுரம் நகராட்சியை எடுத்துக்கொள்வோம். 2011இல் அங்கே ஏறத்தாழ 47,000 பேர். காகிதத்தில் பார்த்தால் ராமேஸ்வரத்துக்கு அண்ணன் தம்பி முறை. பாபநாசம் அதன் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குப் பித்ரு காரியம் செய்ய ஊர் ஊராக மக்கள் வந்து இறங்குகிறார்கள். அங்கேயும் கரையில் விட்டுச்செல்லும் துணிகளை அள்ளுவது பெரும்பாடு. ஆக, வேலையின் தன்மையிலும் ஒற்றுமை உண்டு.

வேறுபாடு நிலத்தில் இருக்கிறது. பாபநாசத்தில் தாமிரபரணி மலையிலிருந்து இறங்கிச் சமவெளியைத் தொடுகிறது. பொதிகை மலை தென்மேற்குப் பருவமழையையும் வாங்குகிறது, வடகிழக்குப் பருவமழையையும் வாங்குகிறது. அதனால் ஆறு ஆண்டு முழுவதும் ஓடுகிறது. கூட்டம் கூடினால் அம்பாசமுத்திரத்துக்கும் கடையத்துக்கும் தென்காசிக்கும் வண்டிகள் கலைந்து போகப் பல சாலைகள் உண்டு. தங்க இடமில்லை என்றால் பக்கத்து ஊர் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கு ஆறு இல்லை. மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை மழைதான். வெளியேற வழி என்றால் பாம்பன் ஒன்றுதான். பக்கத்து ஊர் என்றால் அதே தீவின் மீதி.

குடியிருப்பவர் எண்ணிக்கையைப் பார்க்கும் அளவுகோலில் இந்த இரண்டு ஊர்களும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. சிக்கலின் வேர் இதுவே.

## மணலுக்கு அடியில் இருக்கும் தண்ணீர்

இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி தண்ணீர் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இதற்கான பாடம் நம் பக்கமே இருக்கிறது: திருச்செந்தூர் நாழிக்கிணறு. கடலில் முழுகிவிட்டு வருகிறவர்கள் அலையின் சத்தம் காதில் விழும் தொலைவில் இறங்கிக் குளிக்கிற கிணறு அது. பெரிய கிணற்றுக்குள் சிறு கிணறு. அதில் ஊறுவது நல்ல தண்ணீர். முருகன் வேலால் உண்டாக்கினான் என்பது ஐதீகம். கடலோர மணலில் நல்ல தண்ணீர் நிற்பதற்கு நிலத்தடி நீரியல் ஒரு விளக்கம் தருகிறது. ராமேஸ்வரம் கோயிலின் 22 தீர்த்தங்களைப் புரிந்துகொள்ளவும், தனுஷ்கோடி மணலில் கையால் குழி பறித்து மீனவப் பெண்கள் குடிநீர் எடுப்பதைப் புரிந்துகொள்ளவும் அதே விளக்கம் போதும்.

மழைநீர் மணலில் இறங்குகிறது. அடியில் கடல்நீர் ஏற்கெனவே ஊடுருவி நிற்கிறது. நல்ல தண்ணீரைவிடக் கடல்நீர் அடர்த்தி கூடியது, ஒன்றுக்கு 1.025 என்ற அளவில். எனவே நல்ல தண்ணீர், தண்ணீரின் மேல் எண்ணெய் நிற்பதுபோல, உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஓரங்களில் மெலிந்தும் நடுவில் தடித்தும் கண்ணாடி வில்லையின் வடிவில் இருப்பதால் இதை நன்னீர் வில்லை என்கிறார்கள்.

இந்த அடர்த்தி வித்தியாசத்திலிருந்து ஒரு கணக்கு வருகிறது. கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்களின் பெயரால் வழங்கும் விதி அது: நிலத்தடி நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் இருந்தால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு நல்ல தண்ணீர் நிற்கும். கேட்கும்போது பெரிய செல்வம் கிடைத்ததுபோல இருக்கும். திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் ஆபத்து தெரியும். மேல்மட்டம் பத்து சென்டிமீட்டர் குறைந்தால், அடியிலிருக்கும் உப்புநீர் நான்கு மீட்டர் மேலேறும். மணலின் தன்மை, அடியில் இருக்கும் பாறை, கடலின் ஏற்றவற்றம் ஆகியவற்றைப் பொறுத்து உண்மையான அளவு மாறும். போக்கு மட்டும் மாறாது: மேலே சிறிது எடுத்தால் கீழே பெரிதாக இழக்கிறோம்.

இதனால்தான் தீவுக் கிணறு ஆழமில்லாமல் இருக்க வேண்டும், மெதுவாக இறைக்கப்பட வேண்டும். வாளியால் இறைத்தால் வில்லை தாங்கும். ஒரே இடத்தில் ஆழ்துளைக் குழாய் இறக்கி மோட்டார் வைத்து உறிஞ்சினால், அந்தக் குழாய்க்கு நேர் கீழே உப்புநீர் கூம்புபோல எழும்பி மேலே வந்துவிடும். ஒருமுறை உப்பேறிய இடம் திருந்தப் பல மழைக்காலங்கள் ஆகலாம்.

இப்போது கோயிலுக்குள் வருவோம். தீர்த்தமாட வருகிறவர் முதலில் அக்னி தீர்த்தக் கடலில் முழுகுகிறார். பிறகு டிக்கெட் வாங்கிக்கொண்டு, ஈரத் துணியோடு கோயிலுக்குள் வரிசையில் போகிறார். ஒவ்வொரு கிணற்றின் சுவர் மேலும் ஒருவர் கயிறு கட்டிய வாளியோடு நிற்கிறார். வாளியை வீசி, ஒரே இழுப்பில் மேலே கொண்டுவந்து, நிற்கிறவர் தலையில் கவிழ்க்கிறார். அடுத்த கிணற்றில் அடுத்த வாளி. ஒரு தீர்த்தத்துக்கு இரண்டு லிட்டர் என்று குறைவாக வைத்துக்கொண்டாலும் 22 தீர்த்தத்துக்கு ஆளுக்கு 44 லிட்டர் ஆகிறது. தண்ணீர் கையால் இறைக்கப்படுவதால் கிணறுகள் தாக்குப்பிடிக்கின்றன என்பது என் கருத்து. அந்த முறையைக் கட்டிக்காத்தவர்களுக்கு நீரியல் விதியின் பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

வெளியே விடுதிகளில் நடப்பது வேறு. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தர வேண்டும் என்பது இந்தியாவில் குடிநீர்த் திட்டங்களுக்கான அளவு. 44,856 பேருக்கு அது ஏறத்தாழ 60 லட்சம் லிட்டர். அமாவாசை நாளில் வெளியூரிலிருந்து ஒரு லட்சம் பேர் வந்து, ஆளுக்கு 40 லிட்டர் மட்டும் செலவழித்தார்கள் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், அதுவே இன்னும் 40 லட்சம் லிட்டர். திட்டம் போட்டவர் கணக்கில் முதல் எண் இருக்கும். இரண்டாவது எண்ணுக்கு அங்கே இடமிருக்காது.

இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட வந்ததுதான் 2009இல் செயல்பாட்டுக்கு வந்த ராமநாதபுரம் காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டம். திருச்சிப் பகுதியில் காவிரிப் படுகையில் எடுக்கும் நீர் புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களைக் கடந்து வருகிறது. இத்தனை ஊர்களுக்குப் பங்கு கொடுத்துக்கொண்டு வரும் குழாயில் ராமேஸ்வரம் கடைசிப் பந்தி. எங்காவது குழாய் உடைந்தாலும், மின்தடை வந்தாலும், கோடையில் ஆற்றில் ஊற்று குறைந்தாலும் முதலில் காய்வது கடைமடை. கடைமடை என்றால் என்ன என்பதைத் தாமிரபரணிப் பாசனத்தில் திருவைகுண்டத்துக்குக் கீழே வயல் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கழிவுநீர் இதே கதையின் மறுபக்கம். கரிசல் மண்ணில் கழிவுநீர் இறங்க நாளாகும். தீவு மணலில் விறுவிறுவென்று இறங்கும். வீட்டுக்கும் விடுதிக்கும் கட்டிய கழிவுநீர்த் தொட்டியிலிருந்து கசிவது நேராக நன்னீர் வில்லைக்குள் போகிறது. கிணறும் தொட்டியும் ஒரே மணலைப் பகிர்ந்துகொள்ளும் ஊரில் பாதாளச் சாக்கடை என்பது குடிநீர்த் திட்டத்தின் பாதி.

## வழி ஒன்று; அது மாறிய விதம்

இந்த ஊரின் வரலாற்றை அதற்குப் போகும் வழியின் வரலாறாகவே சொல்லிவிடலாம். அதில் நெல்லைச் சீமைக்கும் ஒரு பங்கு உண்டு.

1914 வரை சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் ஏறினார்கள். தூத்துக்குடி அப்போது திருநெல்வேலி மாவட்டம், 1986இல்தான் பிரிந்தது. 1914 பிப்ரவரி 24ஆம் தேதி பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் என்ற அந்த ரயில் தனுஷ்கோடிப் பக்கம் திரும்பியது. அங்கிருந்து தலைமன்னாருக்குச் சிறு கடல் பயணம். தூத்துக்குடி அந்தப் பயணிகளை இழந்தது. தீவின் முனையில் ரயில் நிலையம், துறைமுகம், தபால் நிலையம், சுங்கச் சாவடியோடு ஓர் ஊர் வளர்ந்தது.

1964 டிசம்பர் 22, 23 இரவில் அடித்த புயலில் அந்த ஊர் போயிற்று. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலும் அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களும் கடலோடு போனார்கள். தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. பாம்பன் பாலத்தின் பெரும்பகுதி தூலங்கள் பிடுங்கி எறியப்பட்டிருந்தன, பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அது மறுபடி நிமிர்ந்தது. தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவே இல்லை.

சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2ஆம் தேதி திறந்தது. அதுவரை பஸ்ஸோ காரோ தீவுக்குள் போக வழி கிடையாது. ரயிலில் எத்தனை பேர் ஏற முடியுமோ அத்தனை பேர்தான் ஒரு நாளில் வர முடியும். ராமேஸ்வரத்தின் விடுதிப் பெருக்கத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு தேதி போதும். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தது. அதே ஆண்டு ஜூலை 27ஆம் தேதி பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடமும் திறந்தது. கோயிலுக்கு வந்தவர்கள் சுற்றுலாவுக்கும் வரத் தொடங்கினார்கள்.

2025இல் வந்த புதிய ரயில் பாலம் 2.08 கிலோமீட்டர் நீளம். கப்பல் போக 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி 17 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாகத் தூக்கப்படுகிறது. இந்தியாவில் இந்த வகையில் இது முதல் பாலம். செலவு 550 கோடி ரூபாய்க்கும் மேல். இந்தப் பணத்தை ஒதுக்கிய முடிவில் எனக்குக் குறை இல்லை, வேண்டிய பாலம்தான். வந்து இறங்குகிற மக்களுக்கான கழிப்பறையும் தண்ணீரும் குப்பை வண்டியும் இன்னொரு அலுவலகத்தின் தலையில் விழுகின்றன என்பதை அந்த முடிவோடு சேர்த்து யாரும் யோசிக்காததில்தான் குறை.

## கோயில் ஊரில் நகராட்சிக்கு ஏன் பணம் இல்லை

ஒரு நகராட்சியின் சொந்த வருமானத்தில் சொத்து வரி முக்கியமானது. அதோடு தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, உரிமக் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம். ராமேஸ்வரத்தில் இவை எப்படி வேலை செய்கின்றன?

1. பொது வழிபாட்டுத் தலங்களுக்குச் சொத்து வரி இல்லை. இது எல்லா மதத்துக்கும் பொதுவான, நியாயமான விலக்கு. ஆனால் ஊரின் மிகப் பெரிய கட்டடமே விலக்குக்குள் போய்விடுகிறது.

2. அரசியல் சாசனத்தின் 285ஆம் பிரிவு மத்திய அரசின் சொத்துக்கு உள்ளாட்சி வரி விதிப்பதைத் தடுக்கிறது. ரயில்வே நிலம் அதில் அடங்கும்.

3. காணிக்கையும் தீர்த்த டிக்கெட் பணமும் கோயில் கணக்கில் சேருகின்றன. நகராட்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

4. விடுதி வாடகை, உணவக பில் ஆகியவற்றின் மேல் நாம் கட்டும் ஜிஎஸ்டி மத்திய, மாநில அரசுகளுக்குப் போகிறது. நகராட்சி அந்த விடுதியிடம் சொத்து வரியும் தொழில் வரியும் கட்டணங்களும் மட்டுமே வாங்க முடியும். அறை நிரம்பினாலும் காலியாகக் கிடந்தாலும் சொத்து வரி ஒன்றுதான்.

5. மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் ஒரு பங்கை மாநில நிதிக் குழுவின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறது. பிரிக்கும் அளவுகோல்களில் பெரிய எடை மக்கள் தொகைக்கு. மறுபடியும் அதே 44,856.

ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். வருகிறவர் எண்ணிக்கை கூடினால் கோயில், ரயில்வே, விடுதி, மத்திய மாநில அரசு என எல்லோருக்கும் வருமானம் கூடும். செலவு கூடுவது நகராட்சிக்கு. 

இதை நம் முன்னோடிகள் யோசிக்காமல் இல்லை. புண்ணியத் தலங்களுக்கும் திருவிழா ஊர்களுக்கும் ரயிலில் வருகிறவர்கள் மீது டிக்கெட்டோடு சேர்த்து ஒரு சிறு தொகை வசூலிக்க வழி செய்யும் சட்டம் 1956இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ரயில் பயணிகள் முனைய வரிச் சட்டம் என்று பெயர். கூட்டம் வரும் ஊருக்குக் கூடுதல் செலவு உண்டு என்பதை அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டதற்கு அது சான்று.

அதற்காக யாத்திரிகரிடம் கட்டணம் வசூலிக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. தகப்பனாருக்குத் திதி கொடுக்க, சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு இரண்டாம் வகுப்புப் பெட்டியில் நின்றபடி வருகிறவரிடம் நுழைவுக்கே பணம் கேட்பது முறையாகாது. பணம் ஏற்கெனவே வேறு வழிகளில் வசூலாகிக்கொண்டுதான் இருக்கிறது. அதில் ஒரு பகுதி ஊருக்குத் திரும்பி வர வேண்டும் என்பதே கேள்வி.

## படகுகள் கரையில் நிற்கும் நாட்கள்

யாத்திரை பற்றியே பேசினால் ஊரின் இன்னொரு பாதி மறைந்துவிடும். ராமேஸ்வரம் பெரிய மீன்பிடி ஊர். விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்களும் நாட்டுப்படகுகள் மற்ற நாட்களும் கடலுக்குப் போவது என்பது அங்கே நிலைபெற்ற ஏற்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். இதற்கு மேல், 1974, 1976 ஒப்பந்தங்களால் வரையப்பட்ட சர்வதேசக் கடல் எல்லை இந்தக் கரையை ஒட்டியே ஓடுகிறது. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை கைது செய்வதும், படகுகள் பறிபோவதும், அதைக் கண்டித்து வேலைநிறுத்தம் நடப்பதும் செய்தித்தாள் படிக்கிறவர்களுக்குத் தெரிந்தவை.

நகராட்சிக்கு இதில் என்ன? படகு நின்றால் ஐஸ் கம்பெனி நிற்கும், வலை பின்னும் கை நிற்கும், டீக்கடை கல்லா காயும். மீனவக் குடியிருப்பிலிருந்து குடிநீர்க் கட்டணமும் வீட்டு வரியும் வருவது தாமதமாகும். தடைக்காலம் விழுவதோ பள்ளி விடுமுறையில்; சுற்றுலாக் கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரம், தண்ணீர் குறைவாக இருக்கும் நேரம். உள்ளூர்க்காரர் கையில் காசு இல்லாத மாதங்களில் தண்ணீர் லாரி விடுதிப் பக்கம் திரும்புகிறது என்றால் மனக்கசப்பு வராமல் இருக்குமா?

## பாலம் திறந்த பின் வரும் விளைவுகள்

1. கூட்டத்தின் வடிவம் மாறும். கார், வேன், பஸ்ஸில் வருகிறவர்கள் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வருவார்கள். ரயில் ஒரே நேரத்தில் ஆயிரம் பேரையும் அதற்கு மேலும் இறக்கும். இரவெல்லாம் பயணித்து விடியற்காலை இறங்குகிறவருக்கு முதல் தேவை கழிப்பறை. அது இல்லாத ஊரில் கடற்கரைதான் கழிப்பறையாகும். அந்தக் கடற்கரையிலேயே தீர்த்தமும் ஆடுகிறார்கள்.

2. நிலத்தின் மேல் அழுத்தம் கூடும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான நிலத்தைக் கட்டுப்படுத்துகின்றன. ஒடுங்கிய தீவில் அது பெரும் பரப்பு. மீதி நிலத்தில் மாடி மேல் மாடி ஏறும். ஒவ்வொரு மாடியும் அதே மணலில் தண்ணீர் எடுத்து அதே மணலில் கழிவை விடும்.

3. புயல் நேரத்தில் வெளியேற்றம். காற்று பலமாக வீசினால் பாம்பனில் ரயில் நிறுத்தப்படும். அது பாதுகாப்பு விதி. அந்த நேரத்தில் தீவில் இருக்கும் அத்தனை பேருக்கும் சாலைப் பாலம் ஒன்றே வழி. ஆகவே வெளியேற்றத் திட்டம் ஊர் மக்களை மட்டும் கணக்கில் கொண்டு எழுதப்பட்டால் போதாது. அன்று அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களையும் சேர்த்து எழுதப்பட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி புயல் மாதங்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் ராமேஸ்வரத்தையும் சேர்த்துச் சுற்றிவருவது அதே மாதங்களில்தான்.

இவற்றுக்குத் தீர்வு தேடும்போது முதலில் வேண்டியது எண்ணிக்கை. ரயில் டிக்கெட், பாலத்தைக் கடக்கும் வாகனம், கோயிலில் தீர்த்த டிக்கெட், விடுதிப் பதிவேடு என்று நான்கு இடங்களில் தினமும் கணக்கு பதிவாகிக்கொண்டே இருக்கிறது. நான்கும் நான்கு அலுவலகங்களில் கிடக்கின்றன. அவற்றை ஒன்றாக்கி, ஓர் ஆண்டில் சராசரியாக ஒரு நாளில் ஊரில் இருப்பவர் எத்தனை பேர் என்று ஓர் எண்ணை எடுத்து, மானியம், தண்ணீர் ஒதுக்கீடு, துப்புரவுப் பணியாளர் எண்ணிக்கை மூன்றையும் அந்த எண்ணுக்கு முடிச்சுப் போட வேண்டும். நகராட்சி ஆணையர் ஒருவரால் இதைச் செய்ய முடியாது. சென்னையில் முடிவாக வேண்டிய காரியம். முடிவானால் விக்கிரமசிங்கபுரத்துக்கும், 2021இல் நகராட்சியான திருச்செந்தூருக்கும் அதே கணக்கு பொருந்தும். நம் பக்கத்து ஊர்கள் இரண்டு இதில் பயனடையும் என்பதால் இந்தக் கோரிக்கை இங்கிருந்தும் எழ வேண்டும்.

நேரமும் குறைவாகவே இருக்கிறது. 2011க்குப் பிறகு தள்ளிக்கொண்டே போன மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் ஆட்களை எண்ணும் கட்டம் 2027 பிப்ரவரியில் நடக்க இருக்கிறது. அதே பிப்ரவரி 6ஆம் தேதி தை அமாவாசை. அன்று அக்னி தீர்த்தத்தில் எள்ளும் தண்ணீரும் இறைக்கும் நெல்லைக்காரர் நெல்லைக் கணக்கிலும், மதுரைக்காரர் மதுரைக் கணக்கிலும் பதிவாவார்கள். ராமேஸ்வரம் நகராட்சிக்கு அடுத்த கணக்கெடுப்பு வரை மானியம் தீர்மானிக்கப் போகும் எண்ணில் அவர்களில் ஒருவர்கூட இருக்க மாட்டார்.